துவைக்காத வேட்டி

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும் முன்பே பாச்சை உருண்டை வாசனை வந்துவிட்டது, ஆள் பின்னால்தான் வருவாள், முப்பிடாதி மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, மார்போடு அணைத்த பையில் அந்த வேட்டி இருக்கும், என் மடியில் இவன் பால் குடித்துக்கொண்டிருக்கிறான், இல்லை, இவன் இல்லை, மூத்தவன், பிறந்த மறுநாள், மதினி பையைப் பிரிக்கிறாள், செத்துப்போன என் மாமனாரின் வேட்டி, இந்த வீட்டில் தலைப்பிள்ளையைத் தாத்தா வேட்டியில்தான் சுற்ற வேண்டுமாம், அதற்காகவே டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுப் பூட்டி வைத்தது, அலசிவிட்டுச் சுற்றலாம் என்றேன், தொவச்சிராத, அப்பா வாசன போயிரும்லா என்றாள், எந்த அப்பா வாசனை, வெற்றிலையும் திருநீறுமாக மணந்த மனுசர் அவர், என்னை யார் பேச விட்டார்கள், சுற்றியாயிற்று, பிள்ளை மஞ்சளானான், வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்றார்கள், அவன் மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போன பிறகுதான் ஆசுபத்திரி.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, துணியில் என்ன வாசனை, பாச்சை உருண்டை என்றேன், சிவப்பணுவைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு, பாச்சை உருண்டையின் ஆவி தோல் வழியே ரத்தத்துக்குப் போய் அந்தச் சவ்வையும் கேட்காமல் கொள்ளாமல் கடந்துவிடும், உள்ளே சிவப்புச் சத்தைக் கட்டியாக்கிச் சவ்வின் உட்புறம் ஒட்டவைக்கும், சவ்வு விறைத்து உடைந்துபோகும், அதைத் தடுக்கும் நொதி உங்கள் பிள்ளைக்குக் குறைவு, அது தாய்வழி வருவது என்றார், அவ்வளவு பேச்சில் மதினி காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான், அவ ரத்தம்லா கொன்னுட்டு என்று தெருவெல்லாம் சொன்னாள், ரத்தம் மாற்றுவதற்குள் முடிந்துபோன பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மட்டும் மடித்து எடுத்துப்போனவள், என் ரத்தம்தான், ஆமாம், உடைத்தது யார், பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

இவனுக்கும் அந்த நொதி குறைவு, பிறந்தவுடனே பார்த்துச் சொல்லிவிட்டார்கள், அவளுக்கும் சொல்லியாயிற்று, இருந்தும் நடையில் நிற்கிறாள், இப்ப இவன்தான தலப்புள்ள, கொஞ்ச நேரம் சுத்திட்டு எடுத்துருவோம் என்கிறாள், பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டு எழுந்தேன், உள்ள கால வைக்காதீய மதினி, அந்த வேட்டிய நீங்களே போத்திக்கிடுங்க என்றேன், என் குரல்தானா அது, கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், செருப்புச் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்துவிட்டது, வாசனை மட்டும் இன்னும் வீட்டுக்குள் நிற்கிறது, புறவாசல் கதவைத் திறந்து இவனோடு வெளியே போய் நிற்கிறேன், காலை வெயிலில் இவன் உள்ளங்கால் சிவப்பாக இருக்கிறது, மறுபடி மறுபடி பார்க்கிறேன், சிவப்புதான்.