மூன்றாம் சுற்றில் அடித்த மணி

மகள் தோற்பதைப் பார்க்கத்தான் அல்பிரட் மைதானத்துக்கு வந்திருந்தார். கிறிஸ்டின் காற்சட்டை போட்டு ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் அவளோடு கதைப்பதில்லை. மாதா கோயிலில் மணி அடிக்கிறவர், எண்ணிக்கை பிசகாதவர் என்பதால் விழாக்காரர் கடைசிச் சுற்று தொடங்கும்போது அடிக்கிற மணியை அவர் கையில் கொடுத்திருந்தார்கள்.

ஆயிரத்து ஐந்நூறு மீற்றர். அந்தப் புல்தரையில் ஐந்து சுற்று. முதலாவதாக வருகிறவளுக்குக் கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி. கிறிஸ்டினுக்குப் பத்தொன்பது வயது. ஆவணியில் மன்னார் மாப்பிள்ளையோடு கலியாணம். அதோடு ஓட்டம் முடிந்த மாதிரி. இன்றைக்கு வென்றால்தான் கொழும்பு உண்டு. ஆனால் கிளிவெட்டி அன்னலட்சுமி இரண்டு வருடமாக அவளை வென்று வருகிறவள்.

பத்து மணிக்கு வைத்த ஓட்டம், பிரதம விருந்தினர் பிந்தியதால், பன்னிரண்டுக்குக் கிட்டத்தான் தொடங்கியது.

"ஓடு பிள்ளை, மன்னார் மாப்பிள்ளை பின்னால வாறான்!" என்று வேலியோரம் ஒருவன் கத்தினான்.

"கழுதையிலயடா வாறான், அவள் ஆறுதலா ஓடட்டும்!" என்றான் மற்றவன்.

கிறிஸ்டின் காதில் எடுக்கவில்லை. அன்னலட்சுமியின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓடினாள்.

மூன்றாம் சுற்று முடிகிற நேரம் துறைமுகத்தில் பன்னிரண்டு மணிச் சைரன் ஊதியது. இருபது வருடமாக அந்தச் சத்தம் கேட்டதும் நண்பகல் செபத்துக்குக் கயிறு இழுத்த கை. அல்பிரட் வெயிலில் கண் சொருகி நின்றார். கை தன்பாட்டில் எழும்பியது. மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று அடி.

கடைசிச் சுற்று என்று அன்னலட்சுமி பறந்தாள். மற்றவர்களும் பறந்தார்கள். களைத்துப்போனவளுக்குக் கணக்கு நினைவிராது, மணிதான் கேட்கும். அது செப மணி என்பது கிறிஸ்டினுக்கு முதல் மூன்று அடியிலேயே விளங்கிவிட்டது. இன்னும் இரண்டு சுற்று. அவள் வாய் திறக்கவில்லை; வேகத்தையும் கூட்டவில்லை.

அன்னலட்சுமி கோட்டைக் கடந்து புல்லில் விழுந்தாள்.

"எழும்பு பிள்ளை! இன்னும் ஒண்டு கிடக்கு!" என்று நடுவர் கலீலுர் றஹ்மான் கத்தினார். எழும்பினாள், கால் கேட்கவில்லை. கிறிஸ்டின் அவளைத் தாண்டிப் போய் முடித்தாள்.

கிளிவெட்டிக்காரர் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். றஹ்மான் அல்பிரட்டைக் கூப்பிட்டார்.

"ஏன் காணும் அடிச்சனீர்?"

"சைரன் கேட்டுது சேர். கை செபத்துக்கு அடிச்சுப்போட்டுது."

"பிள்ளையளுக்கு என்னெண்டு தெரியும்?"

"மற்றதுகளுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். தொட்டில்ல கிடந்து கேட்டவள்."

மூன்று மணிக்குத் திரும்ப ஓடவேண்டும் என்றார் றஹ்மான்.

தண்ணீர்க் குழாயடியில் அன்னலட்சுமி கேட்டாள்: "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ வெண்டிருப்பாய்."

"கள்ளி."

"ஓம்."

மூன்று மணிக்கு மணி இல்லை. றஹ்மானே சுற்றுகளைக் கூவி எண்ணினார். வீணாய்ப் பறந்த கால்களில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று கிறிஸ்டினுக்குத் தெரியும். முதல் சுற்றிலிருந்தே வேகமாய் இழுத்து ஓடினாள். நான்காம் சுற்றில் அன்னலட்சுமி ஓரத்துக்குப் போய்க் குனிந்து சத்தி எடுத்தாள். கிறிஸ்டின் முதலாவதாக முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை.

கொழும்புப் படிவத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டும். அவள் அதைக் கொண்டுபோய் அல்பிரட் முன்னால் நீட்டினாள். அவர் நெடுநேரம் வாசித்தார். பிறகு றஹ்மானிடம் பேனை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

"போ. ஆனா திரும்பி என்ர வீட்டுக்கு வராதை."

கிறிஸ்டின் கையெழுத்தைச் சரிபார்த்து, படிவத்தை மடித்தாள்.

"என்ர உடுப்பு?"

"வாசல் படலையில கிடக்கும்."

"ஓடுற சப்பாத்தையும் வையுங்கோ," என்றாள்.