மோட்டாரை நிறுத்த ஆளில்லாத வீடு

அந்த வீட்டில் பதினோரு பேர், குளியலறை ஒன்று. காலையில் அதன் கதவைத் தட்டாதவர்கள் இருவர்தான். ஒருவர் உள்ளே இருப்பவர். இன்னொருத்தி சமையலறையில் நிற்கும் மூத்த மருமகள். அவளுக்குத் தட்ட நேரமில்லை.

"பெரியம்மா, என்னோட இன்னொரு சாக்ஸ் எங்கே?"

"கட்டிலுக்கு அடியில பாரு."

"அக்கா, அடுப்புல பால் இருக்கு, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று ஓரகத்தி கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் பறந்தாள்.

"அண்ணி, நீலச் சட்டை இஸ்திரி ஆயிடுச்சா?" இது சோபாவில் காலை நீட்டிக் கைபேசி பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தன்.

அந்த வீட்டில் எந்தப் பொருள் தொலைந்தாலும் முதலில் தேடப்படுவது அவள்தான்.

சில மாதங்களாக அவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. கண் முன்னால் பூச்சி பறந்தது. முந்தைய நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லியும் பார்த்தாள்: "நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு வரணும். யாராவது மதியச் சமையலைப் பாத்துக்கங்க." எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரையொருவர் பார்த்து. பெரிய குடும்பங்களில் 'யாராவது' என்று ஓர் ஆள் கூடுதலாகக் குடியிருக்கிறார். எல்லா வேலையும் அவர் பேரில்தான் விடப்படும். அவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அன்று காலையும் அவர் வரவில்லை. டாக்டரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இவளே அடுப்பைப் பற்றவைத்தாள்.

பாலை இறக்கி வைத்தாள். மோட்டாரைப் போட்டாள். துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். இரண்டு போர்வைகளை விரித்துப் போட்டதும், மூன்றாவதைக் கொடியில் வீசியதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இருட்டு.

கண் திறந்தபோது தரையில் கிடந்தாள். முதுகுக்கடியில் சில்லென்று தண்ணீர் ஓடியது. தொட்டி நிரம்பி வழிகிறது என்று புரிந்தது. எழ நினைத்தாள், கைகால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கத்த நினைத்தாள், காற்றுதான் வந்தது. விழுந்ததுதான் விழுந்தோம், பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களை மூடிவிட்டு விழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

கீழேயிருந்து குரல் வந்தது.

"அண்ணி! மோட்டார்!" கொழுந்தன். சுவிட்ச் அவன் தலைக்கு மேல் ஒரு முழத்தில் இருந்தது.

"ஏம்மா மூத்தவளே, தண்ணி வழியுது பாரு! காதுல விழலையா?" மாமியார்.

"அட, யாராவது நிறுத்துங்களேன்!" குளியலறையிலிருந்து அவள் கணவன்.

இவருமா அந்த ஆளைக் கூப்பிடுகிறார் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. இவர்கள் கத்திக்கொண்டே இருப்பார்கள். மாடிக்கு வரப்போவதில்லை.

வந்தவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. அவள் வந்தது சண்டைக்கு.

"என் சுவரெல்லாம் ஊறுது! இத்தனை பேர் இருக்கீங்க, மோட்டாரை நிறுத்த ஒரு கை இல்லையா?"

"எங்ககிட்ட ஏன் கத்தறே? மூத்தவ மாடியில இருக்கா, அவகிட்ட கேளு" என்றார் மாமியார்.

தையல்காரி தானே சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டு, மிச்சச் சண்டையோடு படியேறினாள். மேலே வந்ததும் சண்டை தொண்டையிலேயே நின்றுபோனது. ஓடிப்போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்து அலறினாள். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே காரியத்துக்காக எழுந்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் மோசமாகக் குறைந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இதயத்துக்கே ஆபத்து ஆயிருக்கும். எத்தனை நாளா இவங்களுக்கு மூச்சு வாங்குது?"

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்ககிட்ட அவ ஒண்ணும் சொல்லலையே, டாக்டர்" என்றான் கணவன்.

"சொன்னாங்கண்ணா" என்றான் கொழுந்தன். குரல் உடைந்திருந்தது. "நேத்து சாப்பிடும்போது சொன்னாங்க. நீயும் தலையாட்டின, நானும் ஆட்டினேன். இன்னிக்கு அவங்க மேல விழுந்து கிடக்காங்க, நான் கீழ கால் நீட்டிட்டு வேலை ஏவிட்டு இருக்கேன். கையை நீட்டியிருந்தா சுவிட்ச். நீட்டல."

மாமியார் மருமகளின் ஈரத் தலைமுடியைத் தன் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். பழக்கமில்லாத வேலை, கை தடுமாறியது.

"தப்பு எம்பேர்லயும் இருக்குப்பா" என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "கேட்டதெல்லாம் கையில கொண்டாந்து கொடுத்தேன். எவருக்குக் கால் முளைக்கும்? நான் இல்லாம வீடு நடக்காதுன்னு நீங்க சொல்றப்ப, எனக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமைதான்." மூச்சு விட்டுக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேளுங்க. வீட்டு வேலை, வீட்ல சாப்பிடற எல்லாருக்கும் சொந்தம். அந்த வேலையைப் பங்கு போட்டுக்காத குடும்பம், கடைசில ஒரு மனுஷியைத்தான் பங்கு போட்டுத் தின்னுது."

கணவன் தலை குனிந்து நின்றான். பிறகு அவள் கையைப் பிடித்து, "நீ படு" என்றான்.

'அப்ப மதியச் சமையலை யார் பாக்கறது?' என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அதைக் கேட்க வேண்டியவர்கள் கட்டிலைச் சுற்றி நிறையப் பேர் நின்றார்கள்.