மூன்றாம் படியில் ஒரு நிழல்

தலையணையைத் தூக்கி அப்பாவின் முதுகுக்கு அண்டக் கொடுத்துவிட்டு, மடிக்கணினியை அவர் முழங்கால்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள் மகள். வயலின்கள் எழுந்தன. வெள்ளைப் படிக்கட்டில் பச்சைப் பாவாடைகள் சுழன்றபடி இறங்கின.

"கண்ணாடியைப் போட்டுக்கோங்கப்பா. உங்க படிக்கட்டுப் பாட்டுதான்."

"தெரியுது," என்றார் அவர். காகிதத்தைக் காகிதம் உரசியதுபோல் இருந்தது குரல்.

அறைவாசலில் மருந்துக் கிண்ணத்துடன் நின்றிருந்த அண்ணன் சொன்னான்: "நல்லாப் பாருங்கப்பா. உங்க தப்பைத் துடைக்க உங்க பொண்ணேதான் வரணும்னு இருந்திருக்கு. இனிமே ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது."

ஊரே சிரித்த தப்பு அது. தொடக்கம் முதல் முடிவுவரை பாட்டாகவே நடக்கும் அந்தப் படத்தில் அப்பா கன்டினியூட்டி உதவியாளராக இருந்தார். ஒரே காட்சியைத் துண்டு துண்டாக, முன்பின்னாகப் படமெடுப்பார்கள். முந்தைய துண்டில் நாயகியின் வளையல் எந்தக் கையில் இருந்ததோ, அடுத்த துண்டிலும் அதே கையில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் அவரை யாரும் நினைக்கமாட்டார்கள். ஒருமுறை தவறிவிட்டால் யாரும் மறக்கமாட்டார்கள்.

படிக்கட்டுப் பாட்டில் நாயகியின் பின்னால் ஏழு பெண்கள் ஆடுவார்கள். பாட்டு முழுவதும் ஏழு. நடுவில் தூரத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு ஷாட்டில் மட்டும் எட்டு. இடதுபுறம், மூன்றாம் படியில், எங்கிருந்தோ வந்து முளைத்த ஒருத்தி கையை உயர்த்துவாள். அடுத்த ஷாட்டில் காணாமல் போவாள். 'எட்டாம் பேய்' என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். தொலைக்காட்சியில் அவளை வைத்துக் கேள்வி கேட்டார்கள். செல்போன் காலம் வந்த பிறகு அவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கோமாளிச் சிரிப்பொலியைச் சேர்த்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

கவனக்குறைவு என்று சொல்லி அப்பாவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அவருக்குத் தையல் ஆலையில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் கதை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "எட்டண்ணே, பொத்தானைப் பார்த்து எண்ணுங்க" என்பார்கள். வீட்டிலோ, சாப்பிடத் தட்டு வைக்கும்போதெல்லாம் அண்ணன், "அப்பாவை எடுத்து வைக்கச் சொல்லாதீங்க, ஒண்ணு கூட வந்துடும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் இதற்காக ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டு வந்து நின்ற மகளிடம், "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, விடும்மா" என்றுதான் சொன்னார். தன் பக்கம் பேச ஒரு சொல்லைக்கூட அவர் எடுத்ததில்லை.

மகளால் விட முடியவில்லை. பழைய படங்களின் தூசியையும் கீறலையும் கணினியில் நீக்கித் துலக்கும் ஸ்டூடியோவில் இன்று அவள் கைதேர்ந்தவள். அதே படக்கம்பெனி, அதே படத்தைப் புதுப்பித்து வெளியிட, பிழைகளை எல்லாம் நீக்கித் தரும்படி கேட்டபோது, அந்த ஷாட்டை வேறு யாரும் தொடாதபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எட்டாவது பெண்ணை விளிம்பு விளிம்பாக அழித்து, அவள் நின்ற இடத்தில் சுவரை வரைந்தாள். நாளை மாலை படம் கம்பெனிக்குப் போகிறது. அதற்குமுன் அப்பா ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒரு மனிதர் தலைகுனிந்தே நடந்த வாழ்நாளுக்குத் தன்னால் முடிந்த பரிசு என்று அவள் நம்பினாள்.

போர்வைமேல் அப்பாவின் விரல் தாளம் போட்டது. ஷாட் வந்தது. ஏழு பேர். விரல் நின்றது.

"திரும்பப் போடு."

போட்டாள்.

"நிழல் விழுதேம்மா," என்றார் அவர். "ஆள் எங்க?"

"யாருப்பா?"

"மூணாவது படியில நிழல் இருக்கு. நின்னவ எங்க?"

அண்ணன் தங்கையைப் பார்த்துக் கண்ணால் சைகை செய்தான்: புத்தி தடுமாறுகிறது. அப்பாவோ மகளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். தன் கைக்குழந்தையைக் கூட்டத்தில் தவறவிட்டவரின் பார்வை அது.

"அவளைக் கொண்டாந்து நிறுத்தும்மா."

அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விளக்கு போடும் நேரத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் காலை கூடத்தில் வாடகை நாற்காலிகள் நிறைந்தன. வந்தவர்களுக்கு எல்லாம் அண்ணன் அதையே சொன்னான்.

"கடைசில நிழல் தெரியுதுன்னாருங்க. ஆளைக் காணோம்னாரு."

"போற நேரத்துல அப்படித்தான்ப்பா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "முன்னாடி போனவங்க வந்து நிப்பாங்க. உங்கம்மாவா இருக்கும்."

"அம்மாவா இருந்தா நிழல் தெரியறதுக்கு முன்னாடி சத்தம் கேட்டிருக்குமே," என்று சொன்ன அண்ணன், சிரிக்கத் தொடங்கி, முடிக்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

மகள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தி, மடிக்கணினியைத் திறந்து, அந்த ஷாட்டை நிறுத்தினாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

இருந்தது.

வெள்ளைப் படியின் விளிம்பில் உடைந்து, அடுத்த படிமேல் வழிந்து கிடந்தது ஒரு பெண்ணின் நிழல். பக்கத்தில் ஆடுபவளுடையது என்று எண்ணி அவள் விட்டுவைத்த நிழல். மெல்ல ஓட்டிப் பார்த்தாள். ஏழு பெண்களின் கைகளும் ஒன்றாக எழுந்தன. ஏழு நிழல்களும் அவற்றோடு எழுந்தன. எல்லாம் எழுந்தபின், யாருமற்ற அந்தப் படியில், எட்டாவது நிழலின் கை ஒரு கணம் தாமதித்து எழுந்தது.

சாகக் கிடந்த கண்களுக்குத் தெரிந்தது, மாதக்கணக்கில் உற்றுப் பார்த்த தன் கண்களுக்குத் தெரியவில்லையே. கதவிடுக்கின் வழியே கூடத்தைப் பார்த்தாள். வெயிலில் நீண்டு கிடந்த ஒவ்வொரு நிழலுக்கும் ஆள் இருக்கிறதா என்று அவளை அறியாமலே கண் தேடிற்று.

அப்பாவின் காலடியில் டான்ஸ் அத்தை வந்து அமர்ந்திருந்தாள். அந்தப் பாட்டில் ஆடிய ஏழு பேரில் ஒருத்தி. எப்போதாவது வருவாள், அப்பாவுடன் உட்கார்ந்து, ஒலியை அடக்கிவிட்டு அந்தப் பாட்டைப் பார்ப்பாள், போய்விடுவாள். மகள் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள்.

"இதைக் கொஞ்சம் பாருங்க அத்தை."

"நான் அந்த ரெண்டாவது ஆளுதானே? அப்ப எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு," என்று குனிந்த அத்தை, ஷாட் வந்ததும் நிமிர்ந்தாள். "தூங்குமூஞ்சி எங்கடி?"

"யாரு?"

"இங்க நிப்பாளே. அவ கை எப்பவும் ஒரு நொடி லேட்டாத்தான் வரும். மாஸ்டர் திட்டித் தீர்ப்பாரு. நாங்க தூங்குமூஞ்சின்னு கூப்பிடுவோம்." அத்தையின் விரல் திரையில் வெறும் சுவரைத் தொட்டது. "நீயா எடுத்த?"

"அது அப்பா செஞ்ச தப்புன்னு..."

அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள், யாரோ கொடுத்தார்கள்.

"அந்தப் படிக்கட்டே உளுத்த பலகை. மேலதான் வெள்ளைப் பெயின்ட். சாப்பாட்டுக்கு முன்னாடி இந்த ஷாட்டை எடுத்தாங்க. சாப்பிட்டு வந்து ஆடும்போது, உச்சிப் பலகை விட்டுடுச்சு. ஒருத்திதான் விழுந்தா. சத்தம்கூடப் போடலை. அதுக்கும் லேட்டு அவ. மறுநாள் அவங்கம்மா வந்து கேட்டாங்க. அப்படி ஒரு பொண்ணு இங்க வேலைக்கே வரலைன்னு சொல்லிட்டாங்க."

"நீங்க எல்லாரும் இருந்தீங்களே அத்தை."

"எங்களையும் கேட்டாங்க," என்றாள் அத்தை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மீண்டும் சுற்றினாள்.

ஒரு பெண்ணைப் பலகை கொன்றது. பிறகு, அவள் இருந்ததே இல்லை என்ற சொல் கொன்றது. மூன்றாம் முறை கொன்ற கை எது என்று மகள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"அவ இருந்த ஷாட்டை எல்லாம் எரிக்கச் சொல்லிட்டு, ஏழு பேரை வெச்சுத் திரும்ப எடுத்தாங்க. கடைசியா உங்கப்பாவைக் கூப்பிட்டு, எல்லா ஷாட்லயும் ஏழுதானான்னு கேட்டாங்க. ஏழுதான் சார்னாரு."

"கவனிக்காமலா?"

"உங்கப்பாவா? நான் தோட்டை மாத்திப் போட்டாக்கூட தூரத்துல இருந்தே பிடிச்சிடுவாரு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை? ஊரே சிரிச்சுதே அத்தை."

"நானும் கேட்டேன். தப்புன்னு நினைச்சா சிரிச்சிட்டு விட்டுடுவாங்க, வேணும்னு வெச்சதுன்னு தெரிஞ்சா வெட்டிடுவாங்கன்னாரு." அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சிரிக்கிறதுக்காவது அவளைத் தேடித் தேடிப் பார்த்தாங்கல்ல. அவங்கம்மா உசுரோட இருந்தவரைக்கும், இந்தப் படம் எந்தக் கொட்டகையில ஓடினாலும் போய் உட்காருவாங்க. அந்த இடம் வந்ததும் கொட்டகையே சிரிக்கும். அவங்க மட்டும் எழுந்து நிப்பாங்க."

வாசலில் வண்டி வந்து நின்றது.

அப்பாவை அனுப்பிவிட்டுத் திரும்பியதும் மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அண்ணன் வழி மறித்தான்.

"இன்னைக்கேவா வேலைக்குப் போகணும்? பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, விடுண்ணா."

அண்ணன் வழியை விட்டான். அந்தக் குரலை அவன் எங்கோ கேட்டிருந்தான்.

ஸ்டூடியோவின் இருட்டறையில், தான் வரைந்த சுவரை அவள் விலக்கினாள். பழைய படச்சுருளிலிருந்து எடுத்த காட்சியை அதன் இடத்தில் வைத்தாள். தூசியை மட்டும் நீக்கினாள். கீறலை மட்டும் நீக்கினாள். மங்கிய முகம் துலங்கியது. கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்ததை இத்தனை நாளும் யாரும் கண்டதில்லை. அவளை அழித்தபோது மகளும் கண்டதில்லை.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது மேலாளர் உள்ளே வந்தார். காதில் செல்போன், மறுமுனையில் கம்பெனிக்காரர்கள்.

"ஒரு நிமிஷம் சார், ஆள் இங்கதான் இருக்கா, கேட்டுச் சொல்றேன்." போனைக் கையால் மூடிக்கொண்டார். "அப்பாவை அனுப்பின அன்னிக்கே வந்து முடிச்சுக் குடுக்கறே. மறக்கமாட்டேம்மா. அவங்க ஒண்ணே ஒண்ணைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க. படிக்கட்டுல எல்லா ஷாட்லயும் ஏழுதானே?"

அவர் முதுகுக்குப் பின்னால், சுவர்த் திரையில், ஒலியில்லாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏழுதான் சார்."

"ஏழுதான் சார்," என்று போனில் சொல்லிக்கொண்டே மேலாளர் வெளியே நடந்தார்.

திரையில் பச்சைப் பாவாடைகள் சுழன்று நின்றன. ஏழு கைகள் ஒன்றாக எழுந்தன. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் படியில் ஒரு நிழலும், அதன்மேல் ஒரு பெண்ணும், சற்றுத் தாமதமாக, சேர்ந்து கையை உயர்த்தினார்கள்.