பனைவெல்லம் போட்ட பால்

பால் பொங்கி வரும்போது பொன்னி அடுப்பைத் தணித்து, மிளகுத்தூளும் பனைவெல்லமும் போட்டுக் கலக்கினாள். பச்சை ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடியைத் திருகும்போது நாத்தனார் ராசம்மாள் உள்ளே வந்தாள்.

"என்னடி இது? பால் தெளிக்க ஆம்பளைங்க கெளம்பி நிக்கிறாங்க. பச்சப்பால் எங்க?"

அப்போதுதான் பொன்னிக்கு உறைத்தது. வாங்கி வைத்திருந்த பாக்கெட் முழுவதையும் காய்ச்சிவிட்டாள். நேற்று கெடிலக்கரையில் எரித்த கணவனுக்கு, வேலைக்குக் கொடுத்தனுப்பும் பாலைத் தயார் செய்திருக்கிறாள்.

பதினாறு வருஷப் பழக்கம். தேவநாதன் முதுநகர்ப் பட்டறை ஒன்றில் பழைய இரும்புப் படகுகளைக் கேஸ் வைத்து வெட்டுகிறவன். வெட்டும்போது கிளம்பும் புகையைப் பால் இறக்கிவிடும் என்பது பட்டறையில் வேதவாக்கு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளில்லை அவன். கத்திரிக்காயைக்கூட இரண்டு தரம் எடை போடச் சொல்வான். பாலை மட்டும் நம்பினான். சாயங்காலம் திரும்பி வரும் ஃபிளாஸ்க்கில் அவளுக்கென்று ஒரு மடக்கு மிச்சமிருக்கும். மூடியில் இரும்புப் புகை நாறும். மூக்கைச் சுளித்துக்கொண்டே குடிப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை நடுக்கக் காய்ச்சலோடு வந்தான். "முலாம் பூசுன போல்ட்டுடி. மஞ்சளா பொகஞ்சுது," என்றான். இப்படி எத்தனையோ காய்ச்சல் பார்த்தவள்தான். பாலைக் கூட்டிக் கொடுத்துப் போர்த்திப் படுக்கவைத்தாள். மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"பால் வயித்துக்குத்தாம்மா போவும். பொகை நுரையீரல்ல எறங்கியிருக்கு. அன்னைக்கே வந்திருக்கணும்," என்றார் டாக்டர். அதட்டாமல் சொன்னார். அதட்டியிருந்தால் தேவலை. மறுநாள் அவன் போய்விட்டான். கொடுத்தது தன் கைதானே என்ற நினைப்பு அவளை விடவில்லை.

ராசம்மாள் பக்கத்து வீட்டில் கேட்டுச் சொம்பில் பச்சைப்பால் வாங்கி வந்தாள்.

"பச்சப்பால் அவுருக்கு ஒத்துக்காது," என்றாள் பொன்னி.

ராசம்மாள் சொம்போடு வாசல் பக்கம் திரும்பினாள். தேவநாதனின் தம்பி அருண்பாண்டியன் உள்ளே வந்தான்; அவனும் அதே பட்டறைதான். அவன் சொம்பை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையை நீட்டினான்.

"அதையும் குடுங்க அண்ணி."

ஃபிளாஸ்க்கை அண்ணனின் வண்டியில், அண்ணன் மாட்டும் பக்கத்திலேயே மாட்டினான்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை பொன்னி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது அதில் தேவநாதன் இருக்கவேண்டும்போல் இருந்தது. ஒரே ஒரு சாயங்காலம் போதும். புகை நாற்றத்தோடு வந்தாலும் குளிக்கச் சொல்லி விரட்டமாட்டாள்.

வெயில் ஏறியபின் அருண்பாண்டியன் ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தான். "எல்லாத்தையும் சாம்பல்ல ஊத்திட்டேன் அண்ணி."

பொன்னி மூடியைத் திறந்து முகர்ந்தாள். மிளகு வாசனைதான் வந்தது. தன் டம்ளரை எடுத்து, ஃபிளாஸ்க்கை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றாள்.