கடித்துப் பார்க்காதீர்கள்

என் கடையில் இருக்கும் மாதிரித் துண்டுகளில் முக்கால்வாசியில் பல் தடம் இருக்கிறது. நான் நாய் எதுவும் வளர்க்கவில்லை. பஞ்சநதம் அண்ணன் வந்து போகிறார், அவ்வளவுதான்.

பாபநாசத்தில் என் மாமனாரின் ஹார்டுவேர் கடையை ஒட்டிய அறையில் த்ரீடி பிரிண்டர் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காக வைத்துப் பொருள் செய்கிற மெஷின். எங்கேயும் ஸ்பேர் கிடைக்காத உடைசல்களெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும். வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "வெயில்ல கெடக்குமா?" இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஆளை இந்த ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை.

குறுவைக்குத் தண்ணீர் வந்த சமயம். பஞ்சநதம் அண்ணன் டிரம் சீடரின் உடைந்த மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அது நான்கு உருளைகள் கோத்த கைவண்டி. உள்ளே முளைகட்டிய நெல்லைப் போட்டுச் சேற்றில் இழுத்துப் போனால், ஓட்டை வழியாக விதை வரிசையாக விழும். நாற்றும் வேண்டாம், நடவும் வேண்டாம்.

"வெயில்ல கெடக்குமாண்ணே?"

"வயல்ல பின்ன ஏசியா போட்டிருக்கு?"

"அப்ப ஏஎஸ்ஏன்னு ஒரு பிளாஸ்டிக் இருக்கு, அதுலதான் போடணும். வழக்கமாப் போடுற பிஎல்ஏ வேணாம். வெயில்ல எளகிரும்."

அவர் இரண்டின் சுருளிலிருந்தும் ஒவ்வொரு இழையாக உருவினார். நான் தடுப்பதற்குள் வாயில் வைத்துக் கடித்துவிட்டார். பிஎல்ஏ நறுக்கென்று ஒடிந்தது. ஏஎஸ்ஏ வளைந்தது.

"இது நல்லா காஞ்சிருக்கு," என்றார், ஒடிந்ததைக் காட்டி. "அதுல ஈரம் இருக்கு தங்கச்சி. காயாத சரக்க என் தலையில கட்டப் பாக்குற."

நெல் வாங்குகிறவன் கடித்துத்தான் பார்ப்பான், எனக்கும் தெரியும். நறுக்கென்றால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். அதற்காகப் பிளாஸ்டிக்கையா கடிப்பது? இது நெல் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. அவர் அசையவில்லை. அது போதாதென்று, "கறுப்புல போடு, சேறு தெரியாது," என்றார். வெயிலை விழுங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடையிலிருந்து மாமா எட்டிப் பார்த்து, "கேக்குறதக் குடுத்து அனுப்பு ரிஃப்கா," என்றார். கறுப்பு பிஎல்ஏயில் போட்டுக் கொடுத்துத் தொலைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில், கடை திறந்த கையோடு அவர் வந்து நின்றார். கையில் என் மூடிகள். பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. மாட்டிப் பார்த்துவிட்டு வண்டியை வரப்பிலேயே ஒரு நாள் விட்டிருக்கிறார்.

"என்ன தங்கச்சி இப்புடிப் பண்ணிட்ட!"

"நானா பண்ணேன்?"

அவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். விதையை ஏற்கனவே ஊறவைத்துச் சாக்கில் கட்டிவிட்டாராம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மனைவி பூவம்மாள் போனில் கத்தினார். ஸ்பீக்கர் தேவையே இல்லை. "மொள குத்திருச்சு! இன்னைக்கு விதைக்கலன்னா வேர் நீண்டு ஒன்னோட ஒன்னு பின்னிக்கும். ஓட்டையில ஒரு நெல்லு விழாது."

சரி, நடந்தது நடந்தது, உடனே ஏஎஸ்ஏ மூடிகளைப் போட்டுத் தருகிறேன் என்று வெள்ளைச் சுருளை எடுத்தேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? இழையைப் பிடித்து மறுபடியும் கடித்தார்.

"இன்னும் காயலயே தங்கச்சி. வேற இருந்தா காட்டேன்."

சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். வேறு, வேறு என்று அலமாரியில் இருந்த எல்லாச் சுருளையும், செய்து வைத்திருந்த மாதிரித் துண்டுகளையும் கடித்துத் தீர்த்தார். வீட்டில் முளை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாவுக்கு டீ போட வைத்திருந்த கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு டம்ளரில் ஊற்றி, பிஎல்ஏயில் ஒன்று, ஏஎஸ்ஏயில் ஒன்று என்று இரண்டு மாதிரித் துண்டுகளை உள்ளே போட்டேன்.

"எடுத்து வளைச்சுப் பாருங்க. வாயில வைக்காதீங்க, சுடும்."

இடுக்கியால் எடுத்துக் கொடுத்தேன். பிஎல்ஏ வதங்கிய வெற்றிலையாகத் தொங்கியது. ஏஎஸ்ஏ விறைப்பாகவே இருந்தது.

"இன்னொன்னு கேளுங்க. அன்னைக்கு நறுக்குன்னு ஒடிஞ்ச இழை, காத்துல ஈரம் குடிச்சதாலதான் அப்புடி ஒடிஞ்சுது. உங்க நெல்லுக்கு நேர் எதிர்."

அவர் நாக்கால் பல்லைத் துழாவினார். பிறகு, "போடு," என்றார்.

போட்டேன். ஆனால் மெஷினுக்கு அவசரம் தெரியாது. காலையிலேயே தொடங்கியிருந்தால் நான்கும் முடிந்திருக்கும். கடித்தே பொழுதைக் கரைத்திருந்தோம். இரண்டு மூடி முடிந்தபோது பூவம்மாள் மறுபடி கூப்பிட்டார், இந்த முறை கத்தவில்லை, அழுதார். அண்ணன் அந்த இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு பைக்கை முறுக்கினார். நான்கு உருளை போகவேண்டிய வயலில் இரண்டு உருளை போனது. பாதி வயல் முடிவதற்குள் வேர் பின்னி ஓட்டைகள் அடைத்துக்கொண்டன. மிச்ச விதையைப் பிய்த்துப் பிய்த்துக் கையால் வீசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வரிசையாக இருந்தால் களைக்கருவியை உருட்டிவிட்டுப் போகலாம். வீசிய பாதிக்குக் குனிந்து பறிக்க ஆள் தேட வேண்டும். ஆள் எங்கே இருக்கிறது? எனக்கு அவர் மேல் கோபமும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன.

பயிர் பச்சை கட்டிய பிறகு ஒருநாள், தமிழரசன் என்கிற பங்காளியோடு வந்தார். அவருக்கும் அதே மூடிகள் வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் தமிழரசன் ஒரு இழையை உருவி உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"கடிக்காதீங்க!" என்று நான் கத்தியதும், அண்ணன் அவர் கையில் ஓங்கி ஒரு அடி போட்டதும் ஒரே நேரத்தில் நடந்தன.

"வர்ற வழியில என் வயலப் பாத்தீல்ல?" என்றார் அண்ணன். "வரிசையா நிக்கிற பாதி, இந்தப் புள்ள சொன்னது. தாறுமாறாக் கெடக்குற பாதி, என் பல்லு சொன்னது."

நான் கெட்டிலைப் போட்டேன்.