நல்ல தண்ணி

பாடை தெருமுனை திரும்பியதுதான் தாமதம், குப்பம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் குடத்தைக் கவிழ்த்தாள். சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர் நிற்கக் கூடாது. அண்டா, தவலை, குளிக்கிற தொட்டி, பூனைக்கு வைத்த கொட்டாங்கச்சி வரை ஒன்றையும் அவள் விடவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து வந்து இறங்கிய நேரம் முதல் அழுது குரல் கட்டிப் போயிருந்தாலும் அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை. செத்துப் போனது அவள் தம்பி பரந்தாமன்.

தம்பி பெண்டாட்டி ஜெயம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லியும் கொண்டார்கள்.

எங்கிருந்து வரும் அழுகை? ரயில்வே பார்சல் ஆபீஸ் வேலை, கையில் பாஸ், பிள்ளை குட்டி கிடையாது. மனுஷன் குடித்தானா, சீட்டாடினானா என்றால் அதுவும் இல்லை. நடுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டி கட்டிக் கடலை வளர்த்தான். தெற்கே கடலோரத்து மண்டபம் ஊர் வரை போய்ப் பவளக் கல் கொண்டுவந்தான். பூ மாதிரி விரிந்து சுருங்கும் ஒரு கடல் ஜந்துவும், அதற்குள் ஒளிந்து விளையாடும் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்றும் கூடவே வந்தன. மீனுக்கு வள்ளி என்று பெயர் வைத்தான். திருத்தணிக்காரன் வேறென்ன பெயர் வைப்பான்! "அப்போ நம்ம ஜெயா தெய்வானை" என்று குப்பம்மாள் சிரித்தாள். ஜெயம்மாளும் சிரித்து வைத்தாள்.

ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த கோடையில்கூட அவள் இடுப்புக் குடத்தை அவன் ஒருநாள் வாங்கி இறக்கியதில்லை. மீனுக்கென்றால் மெட்ராஸ் போய்க் கடல் தண்ணீரைக் கேன் கேனாக ரயிலில் சுமந்து வருவான். ஒருமுறை பிள்ளை இல்லாத குறைக்கு வைத்தியம் பார்க்க அவளை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். திரும்பும்போது, "இவ்ளோ தூரம் வந்துட்டோம், கடலப் பாத்துட்டுப் போலாங்க" என்றாள்.

"ஊட்லதான் கடலு இருக்குதே!"

அவளைச் சென்ட்ரலில் மூட்டைக்குக் காவல் வைத்துவிட்டுக் கேனும் கையுமாக அவன் மட்டும் கடற்கரைக்குப் போய்வந்தான். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. ஆளே போன பிறகும் ஆறவில்லை.

நேற்றும் அப்படித்தான். மெட்ராஸிலிருந்து வந்து இறங்கியவன் பிளாட்பாரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். ஆளைக் கொண்டுவந்து கிடத்தியவர்கள் தண்ணீர்க் கேன் இரண்டையும் பொறுப்பாகக் கொல்லையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"இந்தத் தொட்டித் தண்ணியும் தீட்டுதானேக்கா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தமயந்தி.

"பின்ன? கொட்ட வேண்டிதுதான்." குப்பம்மாள் குனிந்து பார்த்தாள். வள்ளி கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவளுக்கு மனசு இளகிப் போயிற்று. "இது இன்னா பாவம் பண்ணுச்சி? என் தம்பி உசுரா வளத்த ஜீவன். பழசக் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்துவோம். உங்கூட்ல இருக்குதா?"

"லாரில புடிச்சது ரெண்டு கொடம் வச்சிக்கினு இருக்கேன். எடுத்தாறேன்." அவள் வீட்டில் குடிக்க இருந்ததே அவ்வளவுதான். மனசாரத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஜெயா, ஊத்தலாமில்ல?"

நல்ல தண்ணீர் அந்த மீனுக்கு விஷம். அந்த வீட்டில் இனி அது தெரிந்தவள் ஜெயம்மாள் ஒருத்திதான். உப்பு குறைந்தால் செத்துப் போகும் என்று அவன் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறான். அவளிடம் அவன் உட்கார்ந்து பேசியதே அதைப் பற்றித்தான். கொல்லையில் கேன் இரண்டும் நிரம்பி நிற்கின்றன, கையைக் காட்டினால் போதும்.

"ஆங்" என்றாள். "ஊத்துங்க."

தொட்டியை அடிவரை மொண்டு சாக்கடையில் கொட்டிவிட்டுக் குடத்தைச் சரித்தார்கள். "குடி கண்ணு" என்றாள் குப்பம்மாள்.

கூடம் கழுவி முடிப்பதற்குள் கடல் பூ குழைந்து கல்லோடு கல்லாகப் படிந்துவிட்டது. வள்ளி தலைதெறிக்கச் சுற்றியது, கண்ணாடியில் முட்டியது, மேலே வந்து ஒருக்களித்து மிதந்தது. பெண்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"அய்யோ, எசமான் பூட்டாருன்னு அதுக்குத் தெரிஞ்சி போச்சிக்கா!"

"நல்ல தண்ணி குடுத்தும் வாணாம்னு பூட்டா பாரு" என்று குப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். மீனை இரண்டு கையாலும் அள்ளி வாழையிலைத் துண்டில் கிடத்தினாள். பிறகு திரும்பி, காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"உன் குங்குமச் சிமிழக் குடு. பத்தாம் நாளுக்கு அப்புறம் உனக்கு எதுக்கு அது?"

ஜெயம்மாள் எழுந்து மாடத்திலிருந்து சிமிழை எடுத்துத் திறந்து நீட்டினாள். குப்பம்மாள் அதை வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்து மீனின் தலையில் வைத்தாள்.

"சுமங்கலியாப் பூட்டா. கூடவே பூட்டா."

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிமிழின் மூடி மட்டும் ஜெயம்மாள் கையில் இருந்தது.