எட்டாம் மாதத்து ஜன்னல்

விஜயசங்கர் ஹைதராபாத்திலிருந்து அனுப்பிய ஏ.சி. தென்காசி வீட்டு நடுக்கூடத்தில் வந்து இறங்கியதும் அகிலாண்டேஸ்வரி அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவையும் சுற்றிவிட்டாள். மூத்த மகள் உமாதேவிக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்காக மருமகன் அனுப்பிய பொருள் அது.

"சுவத்துல மாட்டாண்டாமாம். சக்கரம் இருக்காம். எந்த ரூமுக்கு வேணாலும் உருட்டிட்டுப் போயிக்கிடலாமாம்" என்று பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

பெட்டிக்குப் பின்னால் சுருங்கி மடங்கிக் கிடந்த தடித்த குழாயை யாரும் கவனிக்கவில்லை. சின்ன மகள் ஸ்ரீவித்யா மட்டும் எடுத்துப் பார்த்தாள். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டோடு இருப்பவள். அறையின் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிற குழாய் அது. கூட வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தார்கள். ஜன்னலின் கண்ணாடிக் கதவைப் பக்கவாட்டில் தள்ளி, கிடைக்கிற சந்தில் ஒரு பிளாஸ்டிக் பலகையை நிறுத்தி, பலகையின் ஓட்டையில் குழாயைச் சொருக வேண்டும்.

உமாதேவி படுத்திருந்த அறையின் ஜன்னல் வேறு மாதிரி. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு மரக்கதவு. நாலும் வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே கட்டைவிரல் தடிமனில் நெட்டுக்குத்தாக இரும்புக் கம்பிகள், நடுவில் ஒரு குறுக்குப் பட்டை. கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் ஸ்ரீவித்யாவின் கை போகும். குழாயோ குடத்தின் கழுத்தளவு இருந்தது. வீட்டில் எல்லா ஜன்னலும் இதே ஜன்னல்தான்.

மறுநாள் மாட்டிக்கொடுக்க வந்த முஃபீத், ஜன்னலைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணாச்சி, இது கள்ளனுக்காகச் செஞ்ச ஜன்னல்லா. ஏ.சி.க்கு எங்க செஞ்சிருக்காவ."

விஸ்வநாதனும் சிரித்தார். குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருப்பவர். சாரல் இன்னும் இறங்கவில்லை, அருவியில் வெறும் பாறைதான் நின்றது, அதனால் அவர் சிரித்துச் சில நாட்கள் ஆகியிருந்தன. "சரி, என்ன செய்யணும் சொல்லு."

"கீழ்ப்பாதில ஒரே ஒரு கம்பிய எடுத்தாப் போதும். கிரைண்டர் கொண்டாந்திருக்கேன். குழாய வெளிய விட்டுட்டு மிச்ச இடத்தப் பலகை வச்சு அடைச்சிரலாம்."

விஸ்வநாதனின் சிரிப்பு நின்றுபோயிற்று. அடுக்களையிலிருந்து அகிலாண்டேஸ்வரி கரண்டியோடு வந்தாள்.

"கம்பிய அறுக்கவா? மாசமா இருக்க பிள்ள கிடக்கா தம்பி. அவ வந்ததுல இருந்து ஒரு ஆணி அடிக்கல நாங்க. காலண்டரப் பாருங்க."

காலண்டர் சுவரோரம் தரையில் சாய்ந்து நின்றது. ஆணி பெயர்ந்து விழுந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறது. தேதி கிழிக்கக் குனிய வேண்டும்.

முஃபீத் கிரைண்டரைத் திரும்பப் பைக்குள் போட்டான். "எங்க வீட்லயும் இதத்தான் சொல்லுவாவக்கா. இதுல நான் என்னத்தச் சொல்ல. பிள்ள பெறந்தப் பொறவு கூப்பிடுங்க, வாரேன்."

"பெறந்தப் பொறவு எதுக்கு? இப்பல்லா வேணும்" என்றாள் ஸ்ரீவித்யா. அவளுக்குப் பின்னால் இருந்த பீரோவுக்குத்தான் அது கேட்டிருக்கும். வெளியாள் முன்னால் அவளுக்குக் குரல் எழும்பாது. அப்பா முன்னாலும் எழும்பாது.

கம்பிப் பேச்சு வந்ததும் உமாதேவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். போன வருஷம் ஹைதராபாத்தில் திரைச்சீலை மாட்ட ஆள் கூப்பிட்டு, சுவரில் துளை போட்டாள். அந்த வாரமே மூன்றாம் மாதக் கரு கலைந்தது. காரணம் எதுவும் இல்லை, பலருக்கும் இப்படி ஆவதுதான் என்று அங்கே டாக்டர் சொன்னார். அம்மா காரணம் கண்டுபிடித்துவிட்டாள். "சுவத்துல துளை போட்டவ வயித்துல எப்படித் தங்கும்" என்று போனில் யார் யாரிடமோ சொல்லி அழுதாள். அதை, உடம்பு தேற இங்கே வந்திருந்த உமாதேவி பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ரீவித்யாவும் கேட்டாள், கேட்டபடி துணி மடித்தாள்.

கடைசியில் விஸ்வநாதனே ஒரு வழி செய்தார். குழாயை இழுத்து அறை வாசல் வழியாகக் கூடத்தில் போட்டு, கதவு இடுக்கில் பழைய சேலையைத் திணித்தார். அன்றைக்கு உமாதேவி அசந்து தூங்கினாள். கூடம் இஸ்திரிக் கடை மாதிரி ஆகிவிட்டது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் அவர் கடையிலிருந்து சாப்பிட வந்தார். அன்றும் கடைக்கு வாங்க ஆள் வரவில்லை. இலையின் முன்னால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முதுகில் வெக்கை அடித்தது. எழுந்துபோய்க் குழாயைத் தூக்கி அறைக்குள் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அவளுக்குன்னு வந்தது. அவ ரூமுக்குள்ளயே கிடக்கட்டும்."

"யப்பா" என்றாள் ஸ்ரீவித்யா. சோற்றுப் பாத்திரம் அவள் கையில் இருந்தது. "குழாய் உள்ள கிடந்தா ரூம் சூடாவும்."

"ஏ.சி. ஓடுதுல்லா?"

"ஓடுது, ஆனா..."

"ஓடுனா குளிரும். முன்னால குளிரு, பின்னால சூடு. அவ முன்னால படுத்துக்கிட வேண்டியதுதான்."

"ரெண்டும் ஒரே ரூமுலதாம்ப்பா இருக்கு. மெசினோட சூடும் சேந்து கூடத்தான் செய்யும், குறையாது."

"நீ படிச்சதத்தான் பரீட்சைல எழுதிட்டு வந்துட்டியே. திரும்ப எதுக்கு இங்கன ஒப்பிக்க? சோத்தப் போடு."

போட்டாள். குழம்பும் ஊற்றினாள். பிறகு அடுக்களையில் போய் நின்றபோதுதான் தன் கை எவ்வளவு ஒழுங்காகப் பரிமாறியது என்று நினைத்துப் பார்த்தாள். அந்தக் கையைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போதே இயந்திரத்தை நிறுத்தியிருக்கலாம். அம்மா விடவில்லை. மாப்பிள்ளை போனில் முகம் பார்த்துப் பேசுவார், அப்போது அது ஓடாமல் இருந்தால் என்ன நினைப்பார். சாயங்காலம் விஜயசங்கர் கூப்பிட்டான். உமாதேவி போனைத் திருப்பி, விளக்கு எரிகிற பெட்டியைக் காட்டினாள்.

"நல்லாக் குளிருதா?"

"குளிருது."

"மொகமெல்லாம் என்ன, வேர்த்திருக்கு?"

"இப்பத்தான் மூஞ்சி கழுவுனேன்."

போனை வைத்ததும் ஸ்ரீவித்யா கேட்டாள். "எதுக்குக்கா பொய் சொல்லுத?"

"உண்மையச் சொன்னா கம்பிய அறுக்கச் சொல்லுவாவ. அறுத்துட்டு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, திரும்பவும் நான்தான." உமாதேவி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். கால் இரண்டும் வீங்கி, கொலுசு பள்ளம் விழுந்து பதிந்திருந்தது. பிரஷர் ஏறுகிறது, சூட்டில் கிடக்காதே என்று டாக்டரம்மா சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறிய நேரம். குளியலறைக்குப் போக எழுந்த உமாதேவி கதவு நிலையைப் பிடித்தாள், பிடி வழுக்கிச் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. ஸ்ரீவித்யா ஓடிவந்து தண்ணீர் தெளித்து, மெல்ல நடத்திக் கட்டிலில் படுக்க வைத்தாள். அம்மா வந்து பார்த்துவிட்டு, "தெருக்காரி கண்ணுதான். ஏ.சி. வந்த அன்னைக்கே எட்டிப் பாத்தாளுவ" என்று உப்பும் மிளகாயும் எடுக்கப் போனாள். அறைக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் கொஞ்சம் குளிரையும் பின்னால் நிறையச் சூட்டையும் ஊதிக்கொண்டிருந்தது. அதன்மேல் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

ஸ்ரீவித்யா ஸ்விட்சை அடித்து நிறுத்தினாள். மாடிப்படிக்கு அடியில் போய், பழைய சாமான் போட்டு வைத்திருந்த சாக்குப் பையைக் கவிழ்த்தாள். இரும்பறுக்கும் ரம்பம் கிடைத்தது. ஒரு பக்கம் பிடி உடைந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டாள்.

ஜன்னல் கம்பியில் ரம்பம் கிறீச்சிட்டதும் அகிலாண்டேஸ்வரி கையில் உப்போடு ஓடிவந்தாள்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத? கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

ஸ்ரீவித்யா அறுத்துக்கொண்டே இருந்தாள்.

"கீழ போடுட்டி அத. உமா, நீயாவது எந்திரிச்சு வெளிய வா தாயி. அந்தச் சத்தம் வயித்துல விழக்கூடாது."

உமாதேவி எழுந்தாள். வெளியே வருகிறாள் என்று அம்மா நகர்ந்து வழி விட்டாள். உமாதேவியோ ஜன்னலுக்குப் போனாள். ரம்பத்தின் இழுப்பில் கம்பி அதிர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தரையில் காலை அகட்டி உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, விடு. நீ போயிப் படு."

"ஆடுதுல்லா. நீ அறு."

"அவ சின்னவ, கிறுக்கி. உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?" அம்மாவின் குரல் உடைந்தது. "போன தடவ பட்டது போதாதா?"

"போன தடவ என்னம்மா பண்ணுனேன்? ஒரு திரைச்சீலைக்கு ஆள் கூப்பிட்டேன். அதுக்கே பழிய எந்தலையில போட்டாச்சு. இந்தத் தடவ பண்ணிட்டே கேட்டுக்கிடுதேன்."

அகிலாண்டேஸ்வரி உப்பை அங்கேயே போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

கம்பியின் அடியில் ஒரு வெட்டு, நடுப் பட்டைக்குக் கீழே ஒரு வெட்டு. கீழ் வெட்டு முடிவதற்குள் ஸ்ரீவித்யாவின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இரும்புத்தூள் உமாதேவியின் விரல்மேல் விழுந்தது. அவள் உதறவில்லை. அறுத்த ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்ரீவித்யாவுக்குள் ஒன்று ஓடியது. நாளைக்கு ஏதாவது ஆனால். ஆகாது என்று அவளுக்குத் தெரியும். இரும்புக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒன்றும் ஆகாவிட்டால் யாரும் நல்ல பெயர் தரமாட்டார்கள், ஆகிவிட்டால் காலம் முழுக்கச் சொல்வார்கள். அது தெரிந்தும் அறுத்தாள். தெரிந்ததால் இன்னும் அழுத்தி அறுத்தாள்.

கம்பி கழன்று உமாதேவியின் கையோடு வந்தது. கீழ்க்கதவு ஒன்றை வெளியே திறந்து குழாயை விட்டார்கள். பிளாஸ்டிக் பலகை எந்தப் பக்கமும் பொருந்தவில்லை. ஏ.சி. வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஓட்டை போட்டு, சேலைக் கிழிசலால் மிச்சக் கம்பிகளோடு கட்டினாள் ஸ்ரீவித்யா. இடுக்கில் துணியைத் திணித்தாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஸ்விட்சைப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே சந்தில் சூடு அடித்தது. கொஞ்ச நேரத்தில் அறை குளிரத் தொடங்கியது. உமாதேவி தலையணையைச் சரித்துப்போட்டுப் படுத்தாள்.

விஸ்வநாதன் கடையைப் போட்டபடி போட்டுவிட்டு வந்திருந்தார். அறைக் கதவை விரியத் திறந்து, நிலையில் நின்று ஜன்னலைப் பார்த்தார்.

"யாரு அறுத்தது?"

"நான்" என்றாள் ஸ்ரீவித்யா.

"யாரக் கேட்டு அறுத்த? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? நீ சொல்லுவியா?"

"சொல்லுவேன்." கூடம் வரைக்கும் கேட்டது. அம்மா அழுகையை நிறுத்தினாள். "கம்பிய அறுத்ததுனால ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்லுதேன். சூட்டுல கிடந்து ஏதாவது ஆயிருந்தா யாரு சொல்லியிருப்பா? இன்னைக்கு அக்கா மயங்கி விழுந்தாளே, அதுக்கு யாரு? அந்த ஆளச் சொல்லுங்க, நான் கம்பிய ஒட்டிருதேன்."

சின்ன மகளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டென்று விஸ்வநாதனுக்குத் தெரியாது. அவர் உமாதேவியைப் பார்த்தார்.

"யப்பா" என்றாள் உமாதேவி, கண்ணைத் திறக்காமல். "உள்ள வாரதுன்னா வாங்க. போறதுன்னா போங்க. கதவத் தொறந்து போட்டுட்டு நிக்காதிய. குளிரெல்லாம் போவுது."

அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

கூடத்தில் அம்மா எதையோ கேட்டாள். அவர் சொன்னது கதவைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"மாப்பிள்ள கேட்டா, நாந்தான் ஆள் வச்சு அறுக்கச் சொன்னேன்னு சொல்லிரு. தெருவுலயும் அப்படியே சொல்லு."

அறுத்தது நான்தான் என்று சொல்ல ஸ்ரீவித்யா சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள். கீழே கிடந்த ரம்பத்தையும் கையில் எடுத்தாள். கதவுப் பிடியைத் தொட்டபோது கதவோரக் கட்டிலிலிருந்து உமாதேவி கையை நீட்டி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"இருடி. நான் தூங்குத வரைக்கும் தொறக்காத."